வாரம் இருமுறை வலுப்பயிற்சி: மூத்தோர் அறிய வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வங்கிக் கிளைகளுக்கு வருகின்றனர். ரேணிகுண்டா ரயில் சந்திப்பு ஊராதலால், இங்கு ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றோரையும் காண்கிறோம். கைரேகை பதித்துவிட்டு எழும்போது சிலர் மேசையைப் பற்றிக்கொள்கின்றனர். சிலர் உடன் வந்தவரின் தோளைத் தேடுகின்றனர். இக்காட்சியே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது.

முப்பது வயதைக் கடந்தபின் நம் தசைகள் சிறிது சிறிதாகக் குறைகின்றன. அறுபதுக்குப் பின் இக்குறைவு விரைவடைகிறது. எடுப்பு மட்டும் நிகழ்ந்து செலுத்துதல் இல்லாத சேமிப்புக் கணக்கைப் போன்றது இது. கால் தசை மெலிந்தால் தடுமாற்றமும், அதனால் இடுப்பு எலும்பு முறிவும் நேரக்கூடும்.

65 வயதைக் கடந்தோர் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியுடன் சேர்த்து மூன்று நாள்கள் செய்வது சிறப்பு. ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் பயிற்சி வேண்டா. இடைப்பட்ட ஓய்வில்தான் தசை தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. திங்கள், வியாழன் என வகுத்துக்கொள்ளலாம்.

"நாள்தோறும் நடக்கிறேன், அலிபிரியிலிருந்து திருமலைக்கும் படியேறியிருக்கிறேன், இது போதாதா?" எனச் சிலர் வினவுவர். நடை இதயத்துக்கு நன்று. ஆனால் கை, தோள், முதுகு ஆகியவற்றுக்கு அது போதிய வலுவைத் தருவதில்லை. ஆண்டுக்கொரு முறை ஏறும் 3,550 படிகள் வாராந்திரப் பயிற்சிக்கு ஈடாகா.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. கையூன்றாமல் நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்குதல் ஆகியவற்றை ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை செய்யலாம். எளிதானபின் அளவைக் கூட்டலாம். மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளிவிட வேண்டும். இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உடையோரும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும். பருப்பு, பால், முட்டை முதலிய புரத உணவும் இன்றியமையாதது.

வயது கடந்துவிட்டதே எனத் தயங்க வேண்டா. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 86 முதல் 96 வயதுடைய பத்துப் பேர் மேற்பார்வையுடன் எட்டு வாரக் கால் பயிற்சியில் ஈடுபட்டனர். அதனை நிறைவு செய்த ஒன்பதின்மரின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

வாழ்நாள் சான்றிதழை இன்று வீட்டிலிருந்தே கைப்பேசியில் முகம் காட்டியும் அளிக்கலாம். எனினும் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர், அமர்ந்த நாற்காலியிலிருந்து தாமே எழுந்து செல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.