கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் மனசு ஏன் வலிக்கிறது?

"டாக்டர், இவனுக்கு மூணு நாளா தூக்கமே இல்லை. தட்டுல கையை வைக்கிறான், எழுந்துடறான். என்னடான்னு கேட்டா, 'கதையைச் சொல்லிட்டாங்கம்மா'ங்கறான். எந்தக் கதை, யார் சொன்னாங்க, எனக்கு ஒண்ணுமே புரியலை!"

2016-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு தாயார் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்து இப்படிச் சொன்னார். பையனுக்கு இருபத்தேழு வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். உடம்பில் குறையொன்றும் தெரியவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பத்து வருடமாக அவன் படித்துவரும் ஆங்கில நாவலின் முக்கியமான ரகசியம் ஒன்றை, புத்தகம் வருவதற்கு முன்பே டி.வி. சீரியலில் காட்டிவிட்டார்களாம். அதை ஆபீசில் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டே போட்டு உடைத்துவிட்டாராம்.

"இவ்வளவுதானா? கதைதானே தம்பி!" என்று சிரித்துவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. நான் செய்தது தப்பு என்று அப்போதே தெரிந்தது. அதனால்தான் அவனை உட்காரவைத்து முழுவதையும் கேட்டேன். பிறகு நானும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்று வீட்டுக்கு வீடு வெப் சீரிஸ் பார்க்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது நேரலாம் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், 1996-ல் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். முதலில் மூன்று பாகம் என்றுதான் திட்டம். எழுத எழுதக் கதை வளர்ந்து ஏழு பாகம் என்றாகிவிட்டது. மூன்றாம் பாகம் 2000-லும், நான்காம் பாகம் 2005-லும், ஐந்தாம் பாகம் 2011-லும் வந்தன. ஐந்தாம் பாகம் வந்த அதே 2011-ல் எச்.பி.ஓ. நிறுவனம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் இதை டி.வி. தொடராக்கியது.

முதல் சில வருடங்கள் புத்தகம் படித்தவர்கள் ராஜா மாதிரி இருந்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், டி.வி. மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தில் ஒரு பயங்கரமான கல்யாண விருந்துக் காட்சி வரும். அது டி.வி.யில் வந்தது 2013 ஜூனில். பதின்மூன்று வருடம் அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்திருந்த வாசகர்களில் சிலர், வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து அலறுவதைக் காமிராவில் படம் பிடித்து மகிழ்ந்தார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. டி.வி.க்கு வருடத்துக்கு ஒரு சீசன், பத்து எபிசோடு. ஆசிரியரின் பேனாவுக்கு அந்த வேகம் இல்லை. ஆறாம் பாகமான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' இன்னும் முடியவில்லை, பதிப்பகத்துக்குக் கொடுத்த கெடு தவறிவிட்டது என்று 2016 ஜனவரியில் மார்ட்டின் தானே மனம் வருந்தி எழுதினார். ஏப்ரலில் ஆறாவது சீசன் தொடங்கிவிட்டது. டி.வி. புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த சீசனின் கடைசி எபிசோடுக்கு வைத்த தலைப்பே 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்'தான்!

பையனைத் தாக்கிய ரகசியம் அந்த வருடம் மே மாத எபிசோடில் வந்தது. ஒரே ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசாத ஒரு வேலையாள் இந்தக் கதையில் உண்டு. அந்தச் சொல் அவனுக்கு எப்படி வந்தது என்பதை அதில் காட்டினார்கள். அது என்ன என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் இன்னும் படிக்காதவர் யாராவது இருக்கலாம்! ஆனால் ஒன்று. இது டி.வி.க்காரர்களின் கற்பனை இல்லை, மார்ட்டினே எங்களுக்குச் சொன்னதுதான் என்று தொடரைத் தயாரித்தவர்கள் தெரிவித்தார்கள். பையன் சொன்னான்: "அவங்க இஷ்டத்துக்கு எழுதியிருந்தா நான் கவலைப்பட மாட்டேன் டாக்டர். இது அவரோட ரகசியம். அவர் வாயால கேட்கணும்னு காத்திருந்தேன்."

தெரிந்துவிட்டால் ருசி போய்விடுமா?

முடிவு தெரிந்தால் கதையில் சுவை போய்விடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் சான்டியாகோ நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பன்னிரண்டு சிறுகதைகளைப் பலரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கதையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள்! ஆனால் 2015-ல் ஜான்சன், ரோஸன்பாம் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் முடிவு நேர்மாறாக இருந்தது. தெரியாமல் படித்தவர்களுக்குத்தான் விறுவிறுப்பும் சந்தோஷமும் அதிகம்.

இரண்டில் எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. இரண்டிலும் சோதித்தது சிறுகதைகளைத்தான். உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்துவிடலாம். இருபது வருடம் காத்திருந்தவனின் மனசை அந்தத் தராசில் நிறுக்க முடியாது.

நம் ஊர் உதாரணம் ஒன்று. 'பொன்னியின் செல்வன்' 1950-களில் 'கல்கி' இதழில் தொடராக வந்து முடிந்த கதை. 2022-லும் 2023-லும் அது இரண்டு பாகமாகத் திரைப்படமாக வந்தது. கதை தெரிந்தவர்கள்தான் முதல் ஆளாகத் தியேட்டருக்குப் போனார்கள். தெரிந்ததால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. காரணம், முழுக் கதையும் புத்தகமாகக் கையில் இருந்தது. முதலில் படிப்பதா, முதலில் பார்ப்பதா என்பது அவரவர் விருப்பம். மார்ட்டினின் வாசகர்களுக்கு அந்த வசதி இல்லை. முந்திக்கொண்டு படித்துவிடலாம் என்றால், படிப்பதற்குப் புத்தகமே இல்லை!

ஆக, வலி தெரிந்துகொண்டதால் வருவதில்லை. எப்போது, யாரிடமிருந்து தெரிந்துகொள்வது என்ற உரிமை கைவிட்டுப் போனதால் வருவது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

மனசு ஏன் விடமாட்டேன் என்கிறது?

பெர்லினில் உளவியல் ஆராய்ச்சி செய்த புளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி, பாதியில் நிறுத்திய வேலை முடித்த வேலையைவிட மனசில் அதிகம் தங்குகிறது என்று 1927-ல் எழுதினார். பின்னால் வந்த சோதனைகளில் இந்த ஞாபக விஷயம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. ஆனால் அவருடன் ஆராய்ச்சி செய்த மரியா ஓவ்ஸியான்கினா கண்ட இன்னொரு குணம் நாம் எல்லோரும் அறிந்தது. பாதியில் விட்டதை எப்படியாவது மறுபடி எடுத்து முடித்துவிட மனசு துடிக்கும். ஐந்து பாகம் படித்துவிட்டு ஆறாவதுக்குக் காத்திருப்பவனின் நிலை இதுதான்.

இன்னொரு காரணம், பழக்கம். பத்து வருடம் கூடவே வந்த கதாபாத்திரம் பக்கத்து வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிடுகிறது. டி.வி., ரேடியோவில் வருபவர்களிடம் மக்களுக்கு ஏற்படும் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். நெருங்கியவருக்கு நேர்ந்ததை மூன்றாம் மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கிறது பையனுக்கு.

மூன்றாவது, பயம். மார்ட்டின் 1948-ல் பிறந்தவர். "அவர் முடிக்காமலே போயிட்டா?" என்று பையன் கேட்டான். இதுவும் வெறும் கற்பனை இல்லை. 'தி வீல் ஆஃப் டைம்' என்ற பெரிய நாவல் வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டான், கதை முடியும் முன்பே 2007-ல் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் என்ற வேறொருவர்தான் 2013-ல் முடித்துவைத்தார்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. கல்லூரி விடுதியில் வாரப் பத்திரிகை ஒன்றுதான் வரும். முப்பது பேர் கை மாறும். என் முறை வருவதற்குள் ஒரு சீனியர் தொடர்கதையின் திருப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகச் சொல்லிவிடுவார். அந்த வாரம் முழுக்க அவர்மேல் கடுகடுவென்று இருப்பேன். முப்பது வருடம் கழித்து இந்தப் பையனைப் பார்த்துச் சிரித்ததும் நான்தான்!

என்ன செய்யலாம்?

இதற்குச் சூரணமும் இல்லை, லேகியமும் இல்லை. பழக்கத்தில் சில மாற்றங்கள் போதும்.

1. நீங்களே முடிவெடுங்கள். பார்ப்பதா, புத்தகத்துக்காகக் காத்திருப்பதா என்பதைத் தொடர் ஆரம்பிக்கும் முன்பே தீர்மானியுங்கள். இரண்டும் கௌரவமான முடிவுதான். இரண்டும்கெட்டானாக இருப்பதுதான் டென்ஷன்.

2. பார்ப்பதானால் முதல் ஆளாகப் பாருங்கள். பிடித்தவர்களோடு பாருங்கள். ரகசியத்தை நீங்களே நேரில் தெரிந்துகொள்வது வேறு, அடுத்தவர் வாயால் கேட்பது வேறு.

3. காத்திருப்பதானால் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தொடர் வெளியாகும் நாளில் செல்போனில் வம்பு பார்க்காதீர்கள். அதற்காக வருடம் முழுக்க யாரைக் கண்டாலும் ஓடி ஒளிய வேண்டாம். அந்தத் தனிமை கதை தெரிந்துபோவதைவிடக் கெடுதல்.

4. தூக்கத்தைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் ஞாயிறு இரவு 9 மணிக்கு வந்த அந்தத் தொடர், நமக்குத் திங்கள் காலை 6.30. அதற்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள் உண்டு. அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தூக்கம் அதில் ஒன்று. கண்ணீரும் அதில் ஒன்று. கதைக்காக அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

5. ரகசியம் உடைந்துவிட்டதா? பழைய பாகங்களைத் திரும்பப் படியுங்கள். ஆசிரியர் எங்கெங்கே விதை போட்டிருக்கிறார் என்று தேடுங்கள். முதல் தடவை கிடைக்காத சுகம் இது. டி.வி. கதையும் புத்தகக் கதையும் பல இடங்களில் வேறு வேறாகப் பிரிந்துவிட்டன என்பதையும் மறக்காதீர்கள். டி.வி.யில் இறந்த சிலர் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறார்கள்.

6. பெற்றோருக்கு: "கதைதானே" என்று சொல்லாதீர்கள். "என்ன கதை, சொல்லேன்" என்று கேளுங்கள்.

7. தூக்கமின்மை, பசியின்மை, வேலைக்குப் போகப் பிடிக்காமை, எதிலும் ஆர்வமில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காரணம் கதை மட்டும் இல்லை. தயங்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையனின் தாயாரிடம் ஆறாவதைத்தான் சொன்னேன். ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பையன் முதல் பாகத்திலிருந்து கதை சொல்ல ஆரம்பித்திருக்கிறான். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த வம்சத்துக்கும் எந்த வம்சத்துக்கும் பகை என்று என்னிடம் விரல் விட்டுச் சொன்னார்! தூக்கம் சரியாகிவிட்டது. தட்டில் சோறும் மிஞ்சவில்லையாம்.

தொடர் 2019 மே மாதம் முடிந்தது. அப்போதும் ஆறாம் பாகம் வரவில்லை. அந்த வருடம் வேறு ஏதோ காரியமாக வந்த அந்த அம்மாளிடம், "மிச்சக் கதையையும் தம்பி சொல்லிட்டானா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன் டாக்டர். டி.வி.யில வந்ததைச் சொல்லாதே, புத்தகம் வரட்டும், அதைப் படிச்சுட்டுச் சொல்லுன்னுட்டேன். அவன் காத்திருக்கான் இல்ல, கூட நானும் காத்திருக்கேன்" என்றார்.