நெடுந்தூர மிதிவண்டிப் பயணமும் தசைநாண் வலியும்

ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளையே கூரையாகக் கொண்ட 23 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை 2023 அக்டோபர் 1 அன்று திறந்து வைக்கப்பட்டது. நண்பகலிலும் நிழல் தரும் அப்பாதையில் இன்று நம் வாடிக்கையாளர்கள் பலரையும், கிளை அலுவலர்கள் சிலரையும் காண்கிறோம். அவர்களுள் ஒரு பகுதியினர் 23 கிலோமீட்டரோடு நிறைவடைவதில்லை. அடுத்த கட்டமாக அவர்கள் நாடுவது 'பிரேவே' எனப்படும் நெடுந்தூரப் பயணம்.

பிரேவே பந்தயம் அன்று. அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஆனால் கால எல்லை உண்டு: 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடங்களுக்குள், 300ஐ 20 மணி நேரத்துக்குள், 600ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தக் கால எல்லையே வலியை மறைக்கத் தூண்டுகிறது. 120ஆவது கிலோமீட்டரில் குதிகாலுக்கு மேலே ஒரு நெருடல் தோன்றினால், எஞ்சிய 80 கிலோமீட்டரைக் கடந்துவிட்டால் போதும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகும் பதிவுகள் எவை என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறே தசைநாண். மிதிவண்டி ஓட்டுவோரை வருத்துபவை பெரும்பாலும் இரண்டு: முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண். தசையைப் போல இவற்றுக்குக் குருதியோட்டம் மிகுதியாக இல்லை. ஆகவே பயிற்சிக்கேற்ப வலுப்பெறுவதும் மெதுவாக, பழுதுபட்டால் ஆறுவதும் மெதுவாக.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்-14 பெருகியது. அக்காலத்தில் வளர்ந்தவர்களின் உடல் திசுக்களிலும் அது பதிந்தது. அந்தப் பதிவை அளந்த டென்மார்க் ஆய்வாளர்கள், அக்கிலிஸ் தசைநாணின் மையப் பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குப் பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம் என்று 2013இல் அறிவித்தனர். வணிகவியல் பயின்ற நமக்கு இது எளிதில் விளங்கும். நுரையீரலும் தசையும் நடப்புக் கணக்கு போன்றவை. வரவும் செலவும் அன்றாடம் நிகழும். தசைநாணோ இளமையில் இட்ட நீண்டகால வைப்பு. நாற்பது வயதில் நாம் செலவிடுவது அந்த முதலைத்தான். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தசைநாண் சிக்கல்கள் வரும் வாய்ப்பு மேலும் கூடுதல்.

வங்கிப் பணியில் உள்ளவர்களுக்கென ஓர் தனி இடரும் இருக்கிறது. 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் நமக்கு விடுமுறை. நீண்ட பயணங்கள் எல்லாம் அந்த இரு வார இறுதிகளிலேயே வந்து குவிகின்றன. இடைப்பட்ட பன்னிரண்டு நாட்கள் நாற்காலி; பிறகு ஒரே நாளில் 150 அல்லது 200 கிலோமீட்டர். மூச்சும் தசையும் இதற்கு ஈடுகொடுத்துவிடும், ஆனால் தசைநாணைப் பெரிதும் பாதிப்பது மொத்தத் தூரத்தைவிடத் திடீர் ஏற்றமே. மாதத்தில் இருமுறை 200 கிலோமீட்டர் செல்வதைவிட, வாரம் மூன்று நாள் காலையில் 25 கிலோமீட்டர் ஓட்டி, நீண்ட பயணத்தின் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே பாதுகாப்பானது.

இனி, சாலையில் வலி தொடங்கிவிட்டால் என் செய்வது? முதலில் வலியின் இடத்தை விரலால் தொட்டு அறிதல் வேண்டும். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. இதை அறிய எளிய வழி ஒன்று: இருக்கையில் அமர்ந்து, மிதி கீழ்நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். முழங்கால் நன்கு மடங்கியே இருந்தால் இருக்கையைச் சற்று உயர்த்தலாம். குதிகாலுக்கு மேலே வலித்தால், பல வேளைகளில் இருக்கை மிக உயரமாக இருந்து, மிதியை எட்டக் கால்விரல் நுனியால் துழாவிக்கொண்டிருப்போம். அப்போது சற்றுத் தாழ்த்த வேண்டும். காலணியை மிதியோடு பூட்டும் கிளீட் பொருத்தியிருப்பவர்கள், அதனைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கமாக நகர்த்தினால் கெண்டைக்கால் தசையின் சுமை குறையும். எந்த மாற்றமாயினும் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பயணத்தின் நடுவே இருக்கையை ஓர் அங்குலம் ஏற்றினால் முழங்கால் வலி குதிகாலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அடுத்தது கியர். தக்காணப் பீடபூமியின் சாலைகள் மலைச்சாலைகள் அல்ல, சமவெளியும் அல்ல. ஏற்றமும் இறக்கமுமாக அலையலையாகச் செல்பவை. கனமான கியரில் நிமிடத்துக்கு 55, 60 சுற்று என்று அழுத்தி மிதிக்கையில் ஒவ்வொரு மிதிக்கும் தசைநாண் தாங்கும் விசை கூடுகிறது. இலகுவான கியருக்கு மாறி 80, 85 சுற்று என்று சுழற்றினால் வேகம் பெரிதாகக் குறையாது, விசை குறையும். இருக்கையை விட்டு எழுந்து மிதிப்பதை அன்று முழுவதும் தவிர்க்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் ஓட்டலாமா, நிறுத்தலாமா என்பதற்கு இயன்முறை மருத்துவர்கள் கையாளும் அளவுகோல் உதவும். பூஜ்யம் முதல் பத்து வரையிலான வலியில் மூன்றுக்குள் இருந்து, மேலும் கூடாமலும் இருந்தால் மெதுவாகத் தொடரலாம். வலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிக்கு அஞ்சி மிதிக்கும் முறையே கோணலானாலோ நிறுத்த வேண்டும். கணுக்காலை அசைக்கும்போது தசைநாணின் மேல் கைவைத்தால் தோல்வார் உரசுவது போல் கரகரப்பை உணர்ந்தால், எண் எதுவாயினும் அன்றைய பயணம் முடிந்தது என்று கொள்க. பலநாள் பயணத்தில் உண்மையான தேர்வு மறுநாள் காலையில்தான். படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் நேற்றைவிட விறைப்பு மிகுந்திருந்தால், நேற்றைய தூரம் அதற்கு அதிகம்.

எங்கே நிறுத்துவது என்பதும் சிந்திக்கத் தக்கதே. ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் சுமார் 215 கிலோமீட்டர். கல்வகுர்த்தி, டிண்டி வரை ஊர்களும் உதவியும் உண்டு. மன்னனூர் வனச் சோதனைச்சாவடியைக் கடந்தபின் அம்ராபாத் புலிகள் காப்பகம். அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. ஈகலபெண்டாவுக்கு அப்பால் சாலை கிருஷ்ணை ஆற்றை நோக்கி வளைந்து இறங்கி, மறுகரையில் மீண்டும் ஏறுகிறது. நொந்த குதிகாலோடு அந்த ஏற்றத்தைச் சந்திப்பதைவிட, மன்னனூருக்கு முன்னரே முடிவெடுத்துவிடுவது அறிவுடைமை.

இடையில் நிறுத்துவது இழுக்கு என்று எண்ணுவோர் பிரான்ஸ் நாட்டு வீரர் பெர்னார் இனோவை நினைத்துப் பார்க்கலாம். 1978, 1979 ஆகிய இரு ஆண்டுகளும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர் அவர். 1980 ஜூலையில், முன்னணியில் இருப்பவருக்குரிய மஞ்சள் மேலாடை தம் வசம் இருக்கும்போதே, முழங்கால் தசைநாண் அழற்சியால் போ நகரில் பந்தயத்திலிருந்து விலகினார். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சலான்ஷ் நகரில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். பின்னர் மேலும் மூன்று முறை டூர் டி பிரான்ஸை வென்றார்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். வலி நிவாரணி விழுங்கிவிட்டு ஓட்டுவோர் உண்டு. வலி மறைந்தால் மேற்சொன்ன அளவுகோல் பயனற்றுப் போகிறது. அதோடு, உடலில் நீர் வற்றிய நிலையில் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடும். அக்கிலிஸ் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது அது அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டக்கூடும். பலரும் அறியாத இன்னொன்று: பயணத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. இந்த வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண் அழற்சியையும் அறுபடுதலையும் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் அட்டையிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் ஆபத்து மிகுதி. மருந்து உற்பத்திக்குப் பெயர்பெற்ற நம் நகரத்தில் இந்த எச்சரிக்கை பரவலாகத் தெரிந்திராதது விந்தையே. நெடும்பயணம் செல்பவர் என்பதை மருத்துவரிடம் சொன்னால், தேவைப்படும் இடத்தில் வேறு மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார்.

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற திடீர் அடியும், அதன்பின் நுனிக்காலில் நிற்க இயலாமையும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்ததன் அடையாளங்கள். குப்புறப் படுத்துக் கெண்டைக்காலை அழுத்தினால் பாதம் அசையாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீடு திரும்பியபின் கட்டிலில் கிடப்பது தீர்வன்று. முழு ஓய்வில் தசைநாண் மேலும் வலுவிழக்கும். இதை உலகம் அறிந்த கதை சுவையானது. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் தமக்கிருந்த அக்கிலிஸ் வலிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள விரும்பினார்; பணியாட்கள் போதாது என்று மேலதிகாரி இசையவில்லை. நிலைமையை முற்றச் செய்தாவது சிகிச்சை பெறலாம் என்று அந்தக் காலுக்குக் கடும் பயிற்சி கொடுத்தார். வலி நீங்கிவிட்டது! (விடுப்பு மறுக்கும் மேலாளர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது.) 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சியை 12 வாரம் செய்த 15 ஓட்டக்காரர்களும் மீண்டும் ஓடத் தொடங்கினர்.

பயிற்சி இதுதான்: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, பிறகு வலியுள்ள காலில் மட்டும் எடையைத் தாங்கிக் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குதல். 15 முறை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒரு தொகுதி, சற்று மடக்கி ஒரு தொகுதி, நாளுக்கு இருவேளை. வலி குதிகால் எலும்போடு சேரும் இடத்திலேயே இருந்தால் படி வேண்டாம், சமதரையிலேயே செய்யலாம். தொடங்குமுன் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காலைக் காட்டிவிடுவது நல்லது.

இதற்கிடையே மிதிவண்டியை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. வெளிவட்டச் சாலைப் பாதையில் இலகுவான கியரில் பத்து கிலோமீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்கலாம். மறுநாள் காலை விறைப்பு கூடாதிருந்தால் அடுத்த வாரம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கூட்டலாம். கூடியிருந்தால் அதே தூரத்தில் இன்னொரு வாரம்.