வீட்டிற்கு ஏற்ற அடுப்பு எது?

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டியில் விறகுக்குப் பஞ்சமில்லை. மாந்தோப்புகளில் கழிக்கப்படும் கிளைகளும், தென்னந்தோப்புகளில் உதிரும் மட்டையும் பாளையும் பன்னாடையும் எரிக்க எரிக்கத் தீராதவை. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் ஒரு கட்டைத் தலையில் சுமந்து வருவது நெடுநாள் வழக்கம். காசு கொடாமல் கிடைக்கும் இந்த எரிபொருளே, புதிய அடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் குறுக்கே நிற்பது.

அவ்வூரில் ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, மேடையின் மீது எரிவாயு அடுப்பு ஒன்று துணியால் மூடப்பட்டிருந்தது. அதன் அடியில், தரையில், மண் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருமினார். அவர் இடுப்பில் கைக்குழந்தை. "காப்பி போட மட்டும் அதைப் பத்த வைப்போம். சும்மா கிடக்கிற விறகை விட்டுட்டு சிலிண்டருக்குக் காசைக் கொட்டணுமா?" என்றார் அப்பத்தா. "அத்தை சொல்றதும் நியாயந்தான், ஆனா கண்ணுதான் எரியுது" என்றார் மருமகள்.

அப்பத்தாவின் கணக்கை நாம் குறை கூறமாட்டோம். ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பும் இணைப்பும் இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2007 ஜனவரியில் தொடங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் வந்தது. இவற்றால் அடுப்பு வீட்டிற்குள் வந்துவிட்டது. ஆனால் அடுத்த உருளையின் விலையை அந்தந்தக் குடும்பமே தேட வேண்டியிருக்கிறது. ஆகவேதான் பல இல்லங்களில் இரண்டு அடுப்புகளும் அருகருகே வாழ்கின்றன.

எனினும் அந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. வீட்டிற்குள் எழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இடுப்பில் குழந்தையோடு அடுப்பூதும் தாய்க்கு இந்த எண்களைப் படித்துக் காட்டத் தேவையில்லை. அவர் கண்ணே சாட்சி. மேலும், பழைய மண் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ, சற்றுக் கூடுதலாகவோதான் பானையைச் சேர்கிறது. மற்றது சுவருக்கும் கூரைக்கும் போகிறது. எரிவாயு அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்திருப்பதோ, குறைந்தது 68 விழுக்காடு வெப்பம் பாத்திரத்தை அடைய வேண்டும் என்பது.

நம் தாய்மார் இடைக்காலத்தில் கையாண்ட மண்ணெண்ணெய் அடுப்புகளையும் மறந்துவிடலாகாது. 1892இல் சுவீடனில் பிறந்த பிரைமஸ் வகை பம்ப் ஸ்டவ்வின் இரைச்சல் ஒரு தலைமுறையின் காலை ஓசை. 1977இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தார் அறிமுகப்படுத்திய நூதன் திரி ஸ்டவ் எண்ணெய்ச் செலவைக் குறைத்தது. ஆனால் சேலைத் தலைப்பில் தீப்பற்றிய துயரக் கதைகளும் அந்த ஸ்டவ்களோடு வந்தவையே. அவை அருகிப்போனதற்காக நாம் வருந்தவில்லை.

இனி, எரிவாயு அடுப்பு வாங்கச் செல்வோர் கவனிக்க வேண்டியவை. கடையில் முதலில் கண்ணைக் கவர்வது கண்ணாடி மேற்பரப்பு. துடைக்க எளிது, பார்க்க அழகு. ஆனால் கனத்த பாத்திரம் தவறி விழுந்தாலோ, சூட்டின் மீது குளிர்ந்த நீர் கொட்டினாலோ உடையக்கூடும். பெரிய சட்டிகளை இறக்கி ஏற்றும் வீட்டிற்கு எவர்சில்வர் தகடே போதும் என்பது நம் கருத்து. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்திற்கு இரண்டு பர்னர்களே மிகுதி. மூன்று பர்னர் அடுப்பில் இடம் நெருங்குவதால், குக்கரை வைத்தால் பக்கத்தில் தோசைக்கல் வைக்க முடியாமல் திண்டாடுவோரைக் கண்டிருக்கிறோம். பர்னர் பித்தளையாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். உள்ளூரில் பழுது பார்ப்பவர் உண்டா என்பதையும் கேட்டறிந்து வாங்குக.

சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி படியுமாயின் பர்னர் அடைத்திருக்கிறது என்று பொருள்; அன்றே துலக்கிவிட வேண்டும்.

உருளையைப் பொறுத்தவரை அலட்சியம் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகையால் அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். உருளையைப் படுக்க வைக்கலாகாது. நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விளக்கின் சுவிட்சைப் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். நம் வீட்டிலேயே ஒருமுறை எலி கடித்த குழாயைப் பல நாட்கள் கவனியாமல் விட்டிருந்தோம். நாற்றம் வந்த பின்புதான் உறைத்தது. உருளை வந்து இறங்கும்போது அதன் கழுத்துப் பட்டையையும் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். 'பி-28' என்றிருந்தால் 2028 ஜூன் வரை அதற்குச் சோதனைத் தவணை உண்டு. தவணை கடந்ததைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. அடுப்புக்கு அதிகம் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் நல்ல பிரஷர் குக்கர் வாங்குவதே சிக்கனம். நம் சமையலில் நெடுநேரம் தீயைத் தின்பவை சோறும் பருப்பும் இறைச்சியும். 1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர் எலும்பையும் மென்மையாக்கும் மூடிய பாத்திரத்தை அமைத்தார்; அதே தத்துவம்தான் இன்றும். நீராவி உள்ளே அடைபடுவதால் நீர் 100 பாகையில் நில்லாமல் 120 பாகை அளவுக்குச் சூடேறுகிறது. வேகும் நேரம் பெரிதும் குறைகிறது. குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பருப்பானால் பாதிக்கு மேலும் நிரப்பலாகாது. விசில் வந்ததும் தீயைத் தணிக்க வேண்டும். பெருந்தீயில் பத்து விசில் விடுவது எரிவாயுவைக் காற்றில் விடுவதே. காஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் தயாரித்த நிறுவனத்தாரின் அசலாக இருக்கட்டும்.

மின்சார இன்டக்ஷன் அடுப்பைப் பலரும் கேட்கின்றனர். அது காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரத்தில் மட்டுமே வேலை செய்யும். வீட்டிலுள்ள மண்சட்டி, பித்தளை, சாதாரண அலுமினியம் யாவும் அதற்கு உதவா. மின்சாரம் நின்றால் அடுப்பும் நிற்கும். இரண்டாவது அடுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் அந்த இல்லத்திற்கே வருவோம். விறகை அடியோடு விட்டுவிடும்படி நாம் கூறவில்லை. சோறும் பருப்பும் குக்கரில் எரிவாயுவிலும், குளிக்க வெந்நீர் போடுவதும் நெல் அவிப்பதும் கொல்லைப்புறக் கூரையின் கீழ் விறகிலும் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னோம். சில மாதம் கழித்துச் சென்றபோது, மண் அடுப்பு சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போயிருந்தது. மேடையில் ஐந்து லிட்டர் குக்கர். அப்பத்தா மட்டும் வெளியே அமர்ந்து மண்சட்டியில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். "இது மட்டும் அந்த அடுப்புல சரிப்படாது" என்றார், புகையை முகத்தால் விலக்கியபடி. குழந்தை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது.