தாலி கட்டும் நேரத்தில் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

மீன்சுருட்டி தெரியுமோ? கும்பகோணத்தில் சென்னை பஸ் ஏறினால் அணைக்கரைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். ராஜேந்திர சோழன் மன்னிக்கட்டும், எனக்கு அவனைவிட மீன்சுருட்டிதான் முக்கியம். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர்.

மச்சான் அங்கே கல்யாண வீடியோ எடுக்கிறார். போன வைகாசியில், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவரிடமிருந்து போன்.

''மாப்ள, தாலியைக் காணோம்!''

பதறிவிட்டேன். ''அக்கா தாலியா?''

''அது இல்லப்பா. வீடியோல தாலி கட்டற எடத்தைக் காணோம். கட்டம் கட்டமா வருது. பொண்ணோட அப்பா வந்து உக்காந்திருக்காரு. எந்திரிக்க மாட்டேங்கறாரு.''

நான் படித்தது பி.காம். ஆனாலும் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பற்றி நாலு கட்டுரை எழுதிவிட்டதால், குடும்பத்தில் நான்தான் எஞ்சினீயர். பஸ் பிடித்தேன்.

விசாரித்ததில் குற்றவாளி அக்கா மகன். பாலிடெக்னிக் படிக்கிறான். கடையில் இருப்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கம்ப்யூட்டர். உள்ளே இருப்பது 2011-ல் வந்த இன்டெல் ஐ5 2500கே. அந்த 'கே' எழுத்துதான் வினை. 'வேகத்தை நீயே கூட்டிக்கொள்ளலாம்' என்று கம்பெனியே பூட்டைத் திறந்து விட்ட பிராசஸர் அது. நாலு மூளையும் ஒன்றாக உழைத்தால் 3.4 கிகாஹெர்ட்ஸ் ஓடும். பயல் அதை 4.62-க்கு முடுக்கியிருக்கிறான். இதற்குப் பெயர்தான் ஓவர்க்ளாக்கிங்.

''தை மாசமே பண்ணிட்டேன் மாமா. நல்லாத்தான் ஓடிச்சு.''

ஓடும். தை மாதம் யார்தான் ஓட மாட்டார்கள்?

அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. இந்த ஆசை பழசு. 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு மலிவு சிப் விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி 300-ல் ஓடுவது. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி கம்பெனி பூட்டியிருந்தது. நம்மாட்கள் விடுவார்களா? தாளத்தையே 100 ஆக்கினார்கள். நாலரை நூறு நானூற்றைம்பது! ஏழை வீட்டு சிப், பணக்கார பென்டியம்-2-ஓடு சரிக்குச் சரி நின்றது. உலகம் பூராவும் பையன்கள் தலைகால் புரியாமல் ஆடினார்கள்.

சிலர் 100-க்குப் போகாமல் 83-ல் நின்றார்கள். அங்கேதான் வம்பு. தாளம் ஏறினால் பிராசஸர் மட்டும் வேகமாகாது. அதே தாளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் மற்ற பாகங்களும் ஓடியாக வேண்டும். 33-ல் ஓட வேண்டிய பி.சி.ஐ. பாதை 41-க்குப் போகும். அந்த வழியாக எழுதும் ஹார்ட் டிஸ்க் உளறும். 100-ல் அந்தத் தொல்லை இல்லை; மூன்றால் வகுத்து மறுபடி 33-க்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

மீன்சுருட்டி கேஸும் கிட்டத்தட்ட இதேதான். 2500கே-வில் மடங்கை மட்டும் தொட்டிருந்தால் ஒரு சேதமும் இல்லை. பயல் மடங்கை 44 ஆக்கியதோடு, அடித்தாளத்தையும் 100-லிருந்து 105 ஆக்கியிருக்கிறான். இந்த ரகத்தில் டிஸ்க்குக்கும் அதே தாளம்தான். கேமரா கார்டிலிருந்து கல்யாணத்தைக் காப்பி அடித்தபோது நடுவில் இரண்டு முறை மிஷின் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. 'கரண்ட் ப்ராப்ளம்' என்று மச்சான் முடிவு கட்டி, அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டை அழித்துவிட்டார். முடிந்தது கதை.

தாளம் கெடுத்ததா, சூடு கெடுத்ததா? அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் நின்றன.

சூட்டைப் பார்க்கலாம் என்று கேபினைத் திறந்தேன். உள்ளே அரியலூரே இருந்தது! கடை ரோட்டோரம்; சிமென்ட் லாரிகளின் புழுதியெல்லாம் ஹீட்சிங்கில் கம்பளிப் போர்வையாகப் படிந்திருக்கிறது. வெப்பநிலை காட்டும் புரோகிராமைப் போட்டு வேலை கொடுத்தேன். 97 டிகிரி! பிராசஸர் தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிற இடம். இந்தத் தற்காப்பாவது இப்போது இருக்கிறது. 2001-ல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை, ஓடிக்கொண்டிருந்த பிராசஸர்களின் மேலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கி வீடியோ எடுத்தது. பென்டியம்-4 சோர்ந்து நடை தளர்ந்தது. ஏ.எம்.டி. அத்லான் புகைந்தே போயிற்று.

மச்சான் குறுக்கே வந்தார். ''வோல்டேஜ்தான் கோளாறுங்கறானே, ஸ்டெபிலைசர் ஒண்ணு வாங்கிட்டேன் மாப்ள.''

''அந்த வோல்டேஜ் இல்ல மச்சான். உள்ள சிப்புக்குப் போறது. ஒண்ணேகால் வோல்ட்.''

''ஒண்ணேகாலா! டார்ச் லைட் பேட்டரியே ஒண்ணரை ஆச்சேப்பா!''

நியாயமான சந்தேகம்தான். வோல்ட் கம்மி, ஆனால் 95 வாட் இழுக்கும்போது அந்த ஒன்றேகால் வோல்ட்டில் பாய்கிற கரண்ட் சுமார் 75 ஆம்பியர். ஆகவே இங்கே புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்தான் ஆளைக் கொல்லும். பயல் வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டிருந்தான். மதர்போர்டு 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1.4 கொடுத்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டு சாம்பார் வாளி மாதிரி, போதும் என்றாலும் ஊற்றும். சூடு வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். கணக்குப் போட்டேன் (பி.காம். வீண் போகவில்லை). 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டிலிருந்து 4.62, 1.4 வோல்ட்டுக்குப் போனால் வேகம் 15 சதவீதம் கூடும். சூடு 45 சதவீதம் கூடும். எந்தக் கடைக்காரனும் ஒப்புக்கொள்ளாத வியாபாரம்!

இதில் பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கிறது. 13, 14-ம் தலைமுறை சிப்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக் கெட்டுப்போவதாக 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. பாலிடெக்னிக் பையன் எம்மாத்திரம்?

அன்று சாயங்காலம் மாமனும் மருமகனும் உட்கார்ந்தோம். புழுதியை ஊதினோம். காய்ந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுசு வைத்தோம். (பிள்ளைக்குச் சந்தனம் பூசுவதுபோல் அப்பக்கூடாது.) அடித்தாளம் மறுபடி 100. வோல்டேஜை 'ஆட்டோ'விலிருந்து எடுத்துக் கையால் 1.25-ல் நிறுத்தினோம். மடங்கை மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 ஓட்டிப் பார்த்தோம். பெரிய பெரிய பகா எண்களைத் தேடுவதற்கென்று எழுதிய புரோகிராம். பிராசஸரைப் பிழிந்து எடுக்கும். கணக்கில் ஒரு தப்பு வந்தால் காட்டிக் கொடுத்துவிடும். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுக் கைதட்டக்கூடாது, மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும்.

பயலுக்கு ராத்திரியே 43 தொட்டாயிற்று என்று குஷி. ''நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டு'' என்றேன். ஹீட்சிங்க் ஃபேன் ஏ.சி. இல்லையே! அறைக்காற்றைத்தானே அடிக்கிறது? அறை 25 டிகிரியில் 75 காட்டுகிற சிப், அறை 40 ஆனால் ஏறத்தாழ 90 காட்டும். மறுநாள் 43 பத்தே நிமிஷத்தில் மண்டையைப் போட்டது. 42-ம் போயிற்று. 41 ஒரு மணி நேரம் தாங்கித் தப்பு காட்டியது. 40 சாயங்காலம் வரை அசையவில்லை. 78 டிகிரி. அங்கேயே நிறுத்தினோம்.

''மாமா, வெளிநாட்டுல 9 கிகாஹெர்ட்ஸ் தாண்டிட்டாங்களாம்!''

''தாண்டினாங்க. ஹீலியத்தைத் திரவமாக்கி ஊத்தி. நைட்ரஜன் ஊத்தறவங்களும் உண்டு. மைனஸ் 196 டிகிரி.''

''நைட்ரஜன்தானே, மாட்டாஸ்பத்திரியில சினை ஊசி கேன்ல இருக்குமே...''

பயலின் கண்ணில் ஓர் ஒளி. அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கணக்கை முடித்துவிடுகிறேன். ஒரு கல்யாணத்தைக் கோத்து முடிக்க அந்த மிஷினுக்கு 3.4-ல் ஐந்து மணி நேரம். 4.0-ல் நாலேகால். பயலின் 4.62-ல் மூணே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, தாலியைத் தொலைத்து அவன் மிச்சம் பிடித்தது சுமார் முப்பத்தைந்து நிமிஷம்.

தாலி? இன்னொரு கேமரா எடுத்தது தப்பித்தது. பின்னாலிருந்து எடுத்தது. கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை போட எழுந்து நின்ற பெரியவர்களின் முதுகுகள் அணிவகுத்து வருகின்றன. நடுவில் ஒரு வினாடி மாப்பிள்ளையின் முழங்கை. பெண்ணின் அப்பா அதை நாலு தடவை போட்டுப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ''அதுல வலது பக்கம் நிக்கறது எங்கம்மா. பரவால்ல, அவங்க முதுகாவது வந்திருக்கு'' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மச்சான் பாக்கிப் பணத்தைக் கேட்கவில்லை. வாங்கிய அட்வான்ஸையும் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது காப்பி அடித்ததும் ஓட்டிப் பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் போட்ட பிறகுதான் கார்டை அழிக்கிறார்கள். பயாஸுக்கு பாஸ்வேர்டும் போட்டாயிற்று. அது மச்சானுக்குத் தெரியாது, பயலுக்கும் தெரியாது. அக்கா மளிகை நோட்டில் எங்கேயோ எழுதி வைத்திருக்கிறாள்.