வறண்ட மேட்டு நிலத்தின் மறைந்த அழகு

லூர்து நகருக்குத் திருயாத்திரை செல்லும் நம்மவருள் பலர், மசபியேல் குகையில் செபித்துவிட்டுப் பாரீஸ் மாநகரையும் கண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். அதே தென்மேற்குப் பிரான்சில் கேர்சி என்றொரு நாட்டுப்புறம் உண்டு. இரண்டு நாள் ஒதுக்க இயலுமாயின், இறைவனின் கைவண்ணத்தை அங்குப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

முதற் பார்வைக்கு அந்நிலம் ஏமாற்றத்தையே தரும். சுண்ணாம்புக்கல் பீடபூமி, குட்டையான ஓக் மரங்கள், மண் சேர்க்காமல் அடுக்கிய கல் மதில்கள், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருவளையமுடைய செம்மறியாடுகள். மேற்பரப்பில் நீரோட்டம் அரிது. மழை பெய்யாமல் இல்லை. பெய்த நீரைப் பாறைப் பிளவுகள் விழுங்கிவிடுகின்றன. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த மழைநீர், பல இலட்சம் ஆண்டுகளாய்ச் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் குகைகளைக் குடைந்துள்ளது. ஆறுகளோ மேட்டை அறுத்துச் செங்குத்தான ஆழ்பள்ளத்தாக்குகளை உண்டாக்கியுள்ளன. ஆகவே கேர்சியின் அழகைக் காண விரும்புவோர் கீழே இறங்க வேண்டும்.

முதலில் ரொக்கமதூர். அல்ஸூ என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு வீடுகளும், அவற்றின்மேல் ஆலயங்களும், உச்சியில் கோட்டையும் நிற்கின்றன. எதிர்ப்புற மேட்டிலிருந்து காலை வெயிலில் இதனைக் காண்பது நன்று. ஆலயங்களுக்கு ஏறும் 216 படிகளை அக்காலத் திருப்பயணிகள் முழந்தாளிட்டு ஏறினர். அங்குள்ள அன்னை மரியாளின் கரிய மரச்சுரூபம் 12-ஆம் நூற்றாண்டினது. மிகச் சிறியது, அலங்காரம் குறைந்தது. புனித லூயி மன்னர் 1244-இல் இங்கு வந்து வணங்கினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க், நண்பரொருவரின் கோர மரணத்தால் நிலைகுலைந்து 1936-இல் இங்கு வந்தார். தாம் கைவிட்டிருந்த விசுவாசத்திற்குத் திரும்பி, கரிய அன்னைக்கு மன்றாட்டுமாலை ஒன்றை இசையமைத்தார். பாறையில் செருகியிருந்த, வீரன் ரோலானின் வாள் எனப்பட்ட இரும்புத் துண்டு 2024-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் காணாமற் போய்விட்டது. அதற்காக யாரும் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. சுரூபத்தைக் காணவன்றோ செல்கிறோம்!

அங்கிருந்து சிறிது தொலைவில் பதிராக் பெருங்குழி. சமதரையில் திடீரென்று ஏறத்தாழ 35 மீட்டர் அகலத்தில் நிலம் வாய் திறந்து, 75 மீட்டர் ஆழத்திற்கு இறங்குகிறது. புனித மார்ட்டினாரின் கோவேறு கழுதையைத் தடுக்கச் சாத்தான் காலால் உதைத்துப் பிளந்த குழி இது என்றும், கழுதை அதனைத் தாவிக் கடந்ததாகவும் நாட்டார் கதை கூறும். நெடுங்காலம் மக்கள் இதனை அஞ்சி ஒதுக்கினர். 1889-இல் மார்ட்டெல் என்னும் குகை ஆய்வாளர் கயிற்றேணியில் இறங்கியபோது, அடியில் தெளிந்த ஆறொன்று ஓடுவதைக் கண்டார். இன்று மின்தூக்கியிலோ படிகளிலோ இறங்கி, படகேறி, அவ்வாற்றில் செல்லலாம். ஓரிடத்தில் மேற்கூரை 94 மீட்டர் உயரத்தில் தெரிகிறது. கோடையிலும் குளிர் 13 பாகைதான். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை அவசியம்.

இந்நீரைப் பற்றி உள்ளூர் மக்களுக்கு ஒரு கவலை உண்டு. மணற்பாங்கான மண் நீரை வடிகட்டித் தருவதுபோல் சுண்ணாம்புப் பாறை தருவதில்லை. மேலே வயலில் கொட்டும் கழிவும் உரமும் விரைவில் கீழே ஊற்றைச் சேர்ந்துவிடும். முன்னோர் செத்த ஆடுமாடுகளைப் பிளவுகளில் எறிந்ததுண்டு. இப்போது அது தகாது என்பதை அறிந்து காக்கின்றனர்.

இறுதியாகச் செலே ஆற்றோரம் கப்ரெரே என்னும் சிற்றூர். அதன் பங்குக் குரு அமெதே லெமோசி அடிகளார், மறையுரை ஆற்றியதோடு குகைகளையும் ஆராய்ந்தவர். ஊர்ச் சிறுவர்க்கு அந்த ஆர்வத்தை ஊட்டியவரும் அவரே. 1922-இல் அவ்வூரைச் சேர்ந்த இரு சிறுவர்கள் குறுகிய வழியில் தவழ்ந்து சென்று, பனியூழிக் காலத்தோடு அடைபட்டுப் போயிருந்த பெஷ் மெர்ல் குகை ஓவியங்களைக் கண்டனர். ஓடி வந்து முதலிற் சொன்னது அடிகளாரிடமே. வேறொருவராயின் "உடையைக் கிழித்துக்கொண்டு எங்கே போனீர்கள்?" என்று அதட்டியிருக்கக் கூடும்!

உள்ளே முதுகுப்புறம் பொருந்த நிற்கும் இரு குதிரைகள், உடல் நிறையக் கரும்புள்ளிகள், சுற்றிலும் மனிதக் கைகளின் அச்சு. வயது ஏறத்தாழ 29,000 ஆண்டுகள். புள்ளிகள் கற்பனையே என்று பலர் கருதினர். ஆனால் பழங்குதிரைகளின் எலும்பை ஆராய்ந்தவர்கள், அத்தகைய புள்ளிக் குதிரைகள் அக்காலத்தில் உண்மையாகவே வாழ்ந்தன என்று 2011-இல் நிறுவினர். ஓவியர் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார்.

இதுபோன்ற ஓவியங்களுடைய இலாஸ்கோ குகை, பார்வையாளரின் மூச்சுக்காற்றால் கெட்டு 1963-இல் மூடப்பட்டது. பெஷ் மெர்ல் இன்னும் திறந்திருப்பது, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்து அனுமதிப்பதால்தான். எனவே முன்பதிவு செய்தே செல்ல வேண்டும், குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஓவியங்களைக் கண்டபின் அவசரப்பட்டு வெளியேறிவிடாதீர்கள். களிமண் தரையில், வளரிளம் பருவத்தினர் ஒருவர் பதித்த காலடிகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பிள்ளைகள் தம் பாதத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.