கிழப் பூனை நொண்டுகிறதா? நகத்தைப் பாருங்கள்!

சென்னை: உங்கள் வீட்டுப் பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டதா? நடக்கும்போது தரையில் "டக், டக்" என்று சத்தம் கேட்கிறதா? உடனே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்!

இளம் பூனை சாக்கு, கதவு என்று எதையாவது பிறாண்டும். நகத்தின் பழைய மேலுறை கழன்று விழும். கிழப் பூனைக்கோ மூட்டு வலி, பிறாண்டாது. நகம் தடித்து, வளைந்து, பாதச் சதையிலேயே குத்தி இறங்கும். சீழ் பிடிக்கும். வலியை வெளியே காட்டாது அந்த வாயில்லா ஜீவன்!

மொத்தம் 18 நகம். முன்கால் கட்டைவிரல் தரையில் படாது. ஆபத்து அங்கேதான் அதிகம்.

வெட்டலாமா?

வெட்டலாம். விரலை மெல்ல அமுக்கினால் நகம் வெளியே வரும். வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே சிவப்பாகத் தெரிவது ரத்தக் குழாய். அதில் பட்டால் ரத்தம் கொட்டும்!

நகம் சதைக்குள் இறங்கிவிட்டதா? நீங்கள் கை வைக்க வேண்டாம். நேரே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்!