இணைய முகவரி மாற்றமும் அதன் பராமரிப்பும்

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம் 1931-ஆம் ஆண்டு முதல் தம்பானூரில் இயங்கி வருகின்றது. அதன் எதிரிலேயே அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து நிலையமும் அமைந்துள்ளது. இத்தகைய இடங்களில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான கைபேசிகள் பொது வைஃபை வாயிலாக இணையத்தை நாடுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் உலகப் பொது முகவரி ஒன்றைத் தனியே வழங்குதல் இயலுமா? இயலாது.

ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே, முகவரிகளின் மொத்தம் சுமார் 429 கோடியே. உலக மக்கள் தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. இம்முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்து போயிற்று.

இப்பற்றாக்குறையை முன்னரே உணர்ந்த எகேவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் 1994-இல் முகவரி மாற்றம் என்னும் முறையை விளக்கி வெளியிட்டனர். 10 என்று தொடங்கும் முகவரிகளும், 192.168 என்று தொடங்குவன போன்ற வேறு சிலவும் உள்வலைகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றை எவரும் தம் வலைக்குள் உபயோகிக்கலாம். ஆனால் பொது இணையத்தில் இவை செல்லா.

உள்வலையிலிருந்து புறப்படும் செய்திப் பொட்டலத்தின் முகவரியை நீக்கி, வாயிற்கருவி தன் பொது முகவரியை அதில் இடுகின்றது. கூடவே ஒரு போர்ட் எண்ணையும் குறிக்கின்றது. ரயில் நிலையச் சாமான் காப்பறையில் பெட்டிக்கு ஒரு சீட்டு எண் தருவதை இதற்கு ஒப்பிடலாம். மறுமொழி வந்ததும், அவ்வெண்ணைப் பேரேட்டில் பார்த்து உரிய கைபேசிக்கு அனுப்புகின்றது. போர்ட் எண்கள் 0 முதல் 65,535 வரை உள்ளமையால், ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ள முடிகின்றது.

இதனை அமைக்கும்போது குறிப்பிட வேண்டியவை நான்கு: உட்புற வாயில் எது, வெளிப்புற வாயில் எது, எந்த உள்முகவரிகள் மாற்றத்திற்கு உரியவை, அவற்றுக்கு ஈடாக இடவேண்டிய பொது முகவரி யாது. வெளியிலிருந்து பிறர் அணுகவேண்டிய கணினிக்கு நிலையான முகவரி இணைப்பை ஏற்படுத்தல் வேண்டும். எல்லா ஸ்விட்சுகளும் இப்பணியைச் செய்வதில்லை. செய்வனவற்றிலும் பேரேட்டின் கொள்ளளவு வரையறுக்கப்பட்டதே. ஆகவே வாங்குமுன் அவ்வளவை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

அமைப்பதைக் காட்டிலும் பராமரிப்பதே பொறுப்பான பணி. பேரேடு நிரம்பிவிட்டால் புதிய இணைப்புகள் கிடைக்கமாட்டா. பழைய பதிவுகளை விரைந்து நீக்கினாலோ, நடந்துகொண்டிருக்கும் தொடர்புகள் அறுபடும். நிலைபெற்ற டி.சி.பி. தொடர்பு செயலற்றிருந்தாலும், அதன் பதிவை 2 மணி 4 நிமிடங்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை, யு.டி.பி. பதிவுக்குப் பொதுவில் 2 நிமிடங்களேனும் வேண்டும்.

மற்றொன்று, கடிகாரம். ஒரு பொது முகவரியிலிருந்து குற்றம் நிகழ்ந்தால், அதைப் பகிர்ந்த பலருள் உரியவரைக் காட்டுவது, நேரமும் போர்ட் எண்ணும் கொண்ட பதிவேடு ஒன்றே. ஒரு போர்ட் எண் சில நிமிடங்களில் மற்றொருவருக்குச் செல்லக்கூடும். எனவே கடிகாரம் சிறிது பிசகினும் பழி குற்றமற்றவர் மீது விழலாம். 2022 ஏப்ரலில் சி.இ.ஆர்.டி.-இன் வெளியிட்ட கட்டளை, கருவிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்துடன் இணைக்குமாறும், பதிவேடுகளை 180 நாட்கள் காக்குமாறும் பணித்தது.

128 இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு முழுமையாகப் பரவும்போது முகவரிப் பஞ்சம் நீங்கும். அதுவரை பள்ளியாயினும் அலுவலகமாயினும், பேரேட்டின் நிறைவையும் கடிகாரத்தின் நேரத்தையும் தவறாது சரிபார்த்து வருதல், வலையைப் பேணுவோரின் கடமையாகும்.